கோச் கிமாராயஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பார்க்கும் நண்பர்களிடம் அலெக்சாண்ட்ரே கிமாராயஸ் பேச்சை எடுத்தால், "பழைய மும்பை சிட்டி கோச்தானே?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மும்பைக்கு வருவதற்கு முன்பே இரண்டு உலகக் கோப்பைகளுக்கு ஒரு நாட்டைக் கூட்டிப்போனவர் அவர். மும்பையை விட்டுப் போன பிறகு கொலம்பியாவில் லீக் பட்டமும் வாங்கினார். அப்படிப்பட்டவரை ஒற்றை வரியில் முடிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

யாருங்க இந்த கிமாராயஸ்? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

1959 நவம்பர் 7 அன்று பிரேசிலின் மசேயோ நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கோஸ்டா ரிக்காவுக்குப் போனார். அந்த நாட்டுக்காக 1990 உலகக் கோப்பையில் ஆடினார். பிறகு 2002, 2006 உலகக் கோப்பைகளில் அதே அணிக்குக் கோச்சாக நின்றார். இரண்டு உலகக் கோப்பைகளில் கோஸ்டா ரிக்காவை வழிநடத்திய கோச் இவர் ஒருவர்தான். ஊரில் அவரை 'கிமா' என்றே கூப்பிடுகிறார்கள்.

பனாமா தேசிய அணி, வளைகுடா, சீனா, இந்தியா, கொலம்பியா என்று அவர் போன இடங்கள் நிறைய. கீழே ஒவ்வொன்றாக வரும்.

பிரேசில்ல பிறந்தவரை மத்திய அமெரிக்கக் கோச்னு எப்படிச் சொல்றீங்க?

பிறந்ததைத் தவிர மற்ற எல்லாமே அவருக்குக் கோஸ்டா ரிக்காவில்தான் நடந்தது. ஆட்டம் வளர்ந்தது அங்கே, குடியுரிமை பெற்றது அங்கே, தேசிய அணியின் சட்டையைப் போட்டதும் அங்கேதான். கோச்சாக முதல் பட்டம் வாங்கியதும் அந்த ஊர் லீக்கில். அங்கே அவரை யாரும் வெளிநாட்டுக் கோச் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறந்த நாட்டோடு அவருக்கு உலகக் கோப்பையில் இரண்டு முறை மோத வேண்டி வந்தது. 1990இல் ஆட்டக்காரராக, 2002இல் கோச்சாக. இரண்டு தடவையும் ஜெயித்தது பிரேசில்தான். ஆனால் அந்த இரண்டாவது தோல்வியைத்தான் அவருடைய வாழ்க்கையிலேயே முக்கியமான ஆட்டம் என்று நான் நினைக்கிறேன். 2002 பற்றிய கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பிளேயரா இருந்தப்போ பெரிய ஆளா?

கிளப் ஆட்டத்தில் நல்ல பெயர். கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹொசேயின் சப்ரீசா அணியில் பட்டம் வென்ற நடுக்கள ஆட்டக்காரர். தேசிய அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார்.

1990 இத்தாலி உலகக் கோப்பைதான் கோஸ்டா ரிக்காவுக்கு முதல் உலகக் கோப்பை. ஸ்காட்லாந்தை 1-0, ஸ்வீடனை 2-1 என்று ஜெயித்து, பிரேசிலிடம் 0-1 தோற்று, அடுத்த சுற்றுக்கும் போனார்கள். அங்கே செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1-4. அந்த அணியின் கோச் போரா மிலுட்டினோவிச், போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பொறுப்பேற்றவர். அவர் பெயரையும், ஸ்வீடனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோல் அடித்த எர்னான் மெட்ஃபோர்டின் பெயரையும் நினைவில் வையுங்கள். இரண்டு பேரும் இந்தக் கதையில் திரும்பவும் வருகிறார்கள்.

கோச்சா முதல்ல எங்க பேர் வாங்கினார்?

தான் ஆடிய அதே சப்ரீசாவில். 1997-98, 1998-99 என அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். அப்புறம் தேசிய அணியில் பிரேசில்காரரான ஜில்சன் நூனெஸுக்கு உதவியாளராக இருந்து, 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே முதன்மைக் கோச் ஆனார்.

2001ல மெக்சிகோவை ஜெயிச்சதை ஏன் இவ்வளவு கொண்டாடுறாங்க? ஒரு மேட்ச்தானே?

அது நடந்த இடம் அப்படி. மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது. வெளியூர் அணிக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அதற்கு மேல், அப்போது லட்சம் பேர் கொண்ட கேலரி. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மெக்சிகோ அதுவரை அங்கே ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை.

2001 ஜூன் 16. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் அபுண்டிஸ் கோல் அடித்து மெக்சிகோ முன்னிலை. சின்ன நாட்டு அணிகள் வழக்கமாக அங்கே அத்தோடு அடங்கிப் போகும். கோஸ்டா ரிக்கா அடங்கவில்லை. இரண்டாம் பாதியில் ரொலாண்டோ ஃபொன்சேகா சமன் செய்தார். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கோல் விழுந்தது. அடித்தவர் 33 வயது மெட்ஃபோர்ட், கிமாராயஸோடு 1990 அணியில் இருந்த அதே ஆள். 2-1. அந்த நாளுக்கு 'அஸ்டெகாசோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் இன்னொரு அணி, ஹோண்டுராஸ், தகுதிச் சுற்றில் மெக்சிகோவை அங்கே தோற்கடிக்க 2013 வரை ஆனது.

இது ஒரு நாள் அதிர்ஷ்டமும் இல்லை. ஆறு அணிகள் ஆடிய அந்தக் கடைசிச் சுற்றில் பத்து ஆட்டங்களில் ஏழு வெற்றி, இரண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி. 23 புள்ளிகளோடு கோஸ்டா ரிக்கா முதலிடம். மெக்சிகோவும் அமெரிக்காவும் ஆளுக்கு 17. அப்போது கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் வாழ்ந்த நாடு, அந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய நாடுகளைவிட ஆறு புள்ளி முன்னால் நின்றது. அவருடைய சாதனைகளில் எதை முதலில் வைப்பேன் என்று கேட்டால், எந்தக் கோப்பையையும்விட இந்தப் புள்ளிப் பட்டியலைத்தான் சொல்வேன்.

2002 உலகக் கோப்பையில முதல் சுற்றோட வெளிய வந்துட்டாங்களே, அதுல என்ன பெருமை?

எப்படி வெளியே வந்தார்கள் என்று பார்த்தால் புரியும். அவர்கள் பிரிவில் பிரேசில், துருக்கி, சீனா. அந்தப் போட்டியில் பிரேசில் சாம்பியன், துருக்கி மூன்றாமிடம். அதாவது முதல் மூன்று இடங்களுக்குள் வந்த இரண்டு அணிகள் ஒரே பிரிவில்.

முதல் ஆட்டத்தில் சீனாவை 2-0 என்று ஜெயித்தார்கள். அன்று எதிரணி பெஞ்சில் இருந்தவர் மிலுட்டினோவிச், கிமாராயஸின் 1990 கோச். அடுத்து துருக்கியோடு ஆட்டம். 86வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் வின்ஸ்டன் பார்க்ஸ் அடித்த கோலில் 1-1. கடைசி ஆட்டம் சுவோனில் பிரேசிலோடு. அதே நேரத்தில் சியோலில் துருக்கியும் சீனாவும் ஆடின.

முதல் 38 நிமிடங்களில் பிரேசில் 3-0. அடுத்த நிமிடமே கோஸ்டா ரிக்காவின் முன்கள ஆட்டக்காரர் வாஞ்சோப் ஒன்றைத் திருப்பினார். 56வது நிமிடத்தில் ரொனால்ட் கோமெஸ் அடிக்க 3-2. அந்தக் கணத்தில் சியோலில் துருக்கி 2-0 முன்னிலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு அணிக்கும் நான்கு புள்ளி, இரண்டுக்கும் கோல் வித்தியாசம் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) +1, ஆனால் கோஸ்டா ரிக்கா அடித்தது ஐந்து கோல், துருக்கி அடித்தது நான்கு. தோற்றுக்கொண்டிருந்தபடியே கோஸ்டா ரிக்கா அடுத்த சுற்றுக்குள் நின்றது. அந்த நிலை ஆறு நிமிடம் நீடித்தது. 62இல் ரிவால்டோ, 64இல் ஜூனியர். 5-2. துருக்கி 85வது நிமிடத்தில் மூன்றாவதையும் அடித்தது. புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் கோஸ்டா ரிக்கா வெளியே.

சரி, 3-2ல இருக்கும்போதே பின்னாடி இறங்கி டிஃபென்ஸ் ஆடியிருந்தா தப்பிச்சிருக்கலாமே?

இதுதான் அவர் மேல் இன்றுவரை வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு. இதை நான் ஏற்கவில்லை, காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. கோஸ்டா ரிக்கா 3-2 என்ற நிலையை இறுதிவரை காப்பாற்றியிருந்தால் அவர்களுடைய கோல் வித்தியாசம் +1. துருக்கி 3-0 என்று ஜெயித்ததால் அவர்களுக்கு +2. அப்போதும் வெளியேறியிருப்பார்கள். சமன் செய்தால் மட்டும்தான் பாதுகாப்பு. டிரா என்றால் ஐந்து புள்ளி, துருக்கி எத்தனை கோல் அடித்தாலும் எட்ட முடியாது.

ஆகவே நான்காவது கோலை வாங்கிவிடுவோமோ என்று பயந்து ஒடுங்குவதைவிட, மூன்றாவது கோலைத் தேடிப் போனதே சரியான முடிவு. அதிலும் பிரேசில் ஏற்கெனவே தகுதி பெற்று, ரொனால்டினோ, ராபர்ட்டோ கார்லோஸ் போன்றவர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்த நாள். குறை சொல்வதென்றால் முதல் பாதி மணி நேரத்தைச் சொல்லுங்கள். ரொனால்டோவுக்கு 10, 13 ஆகிய நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு கோல் அடிக்கும் அளவுக்கு இடம் விட்டது மன்னிக்க முடியாத தப்பு. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறித்தான் 3-2 வரை வந்தார்கள்.

2006ல மூணு மேட்சும் தோத்தாங்க. அதுக்கப்புறமும் நல்ல கோச்னு சொல்லணுமா?

2006 அணி சரியாக ஆடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 2-4, ஈக்வடாரிடம் 0-3, போலந்திடம் 1-2. மூன்று ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியது. ஈக்வடார் ஆட்டத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை, அன்று நடுக்களமே இல்லாத மாதிரி ஆடினார்கள்.

ஆனால் அந்த அணி ஜெர்மனிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002க்குப் பிறகு அவர் விலகினார். ஸ்டீவ் சாம்ப்சன் வந்தார், நீக்கப்பட்டார். கொலம்பியாவின் ஹோர்ஹே லூயிஸ் பின்டோ வந்தார், அவரும் கடைசிச் சுற்றின் நடுவிலேயே 2005இல் நீக்கப்பட்டார். தடுமாறிக்கொண்டிருந்த அணியைத் திரும்ப கிமாராயஸ் கையில் கொடுத்தார்கள். அமெரிக்காவை 3-0 என்று ஜெயித்து, மூன்றாமிடம் பிடித்து, நேரடியாகத் தகுதி பெற்றார்கள். பாதியில் வந்து கப்பலைக் கரை சேர்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. ஜெர்மனியில் அவர் கையில் இருந்தது 2002 அணியின் வயதான உருவம். வாஞ்சோப், கோமெஸ் இருவரும் அப்போதும் கோல் அடித்தார்கள். பின்களத்தைப் புதுப்பிக்கத் தவறியது அவருடைய பிழைதான்.

கோஸ்டா ரிக்காவை விட்டுட்டு பனாமாவுக்குப் போனது துரோகம் இல்லையா? பக்கத்து நாடு, நேர் எதிரி!

தொழில்முறைக் கோச்சுக்கு அப்படி ஒரு விலங்கு போட முடியாது. 2006 தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் பத்து ஆட்டத்தில் இரண்டே புள்ளி எடுத்த அணி பனாமா. அதை எடுத்துக்கொண்டு 2007 மத்திய அமெரிக்கக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனார். எதிரே கோஸ்டா ரிக்கா, அதன் கோச் மெட்ஃபோர்ட்! பழைய சகாக்கள் இருவரும் எதிரெதிர் பெஞ்சில். பெனால்டியில் மெட்ஃபோர்ட் அணி ஜெயித்தது. அதே ஆண்டு, வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கோல்ட் கப் கால் இறுதியில் அமெரிக்காவிடம் 1-2 என்று போராடித் தோற்றார்கள்.

முடிவு மட்டும் கசப்பு. 2010 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எல் சால்வடாரை சொந்த ஊரில் 1-0 ஜெயித்துவிட்டு, அங்கே போய் 1-3 தோற்றார்கள். 2008 ஜூனிலேயே பனாமாவின் கனவு கலைந்தது, அவரும் விலகினார்.

அப்புறம் வளைகுடா, சீனானு சுத்தினது பணத்துக்குத்தானே?

சம்பளம் நன்றாக இருந்திருக்கும், அதில் தப்பு எதுவும் இல்லை. துபாயின் அல் வஸ்ல், பிறகு சீனாவின் தியான்ஜின் தேடா. 2013 சீசனை தியான்ஜின் மைனஸ் ஆறு புள்ளியோடு தொடங்கியது. பழைய சூதாட்ட விவகாரத்துக்காக, அவர் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன் நடந்ததற்காக, லீக் கொடுத்த தண்டனை. அந்தக் குழியிலிருந்து மேலேறி அணி லீக்கில் நிலைத்தது. விளக்கு வெளிச்சம் விழாத வேலைதான், ஆனாலும் வேலை.

மும்பை சிட்டியில முதலிடம் வந்தாரே, கப் ஏன் கிடைக்கல?

2016இல் லீக் சுற்றில் முதலிடம் வந்தால் தனிக் கோப்பை கிடையாது. லீக் ஷீல்டு என்பது 2019-20 சீசனில்தான் வந்தது. அப்போது முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும், அங்கிருந்து ஜெயிப்பவருக்கே பட்டம். மும்பை 14 ஆட்டத்தில் 23 புள்ளி எடுத்தது. வாங்கிய கோல் எட்டே எட்டு. முந்தைய கோச்சுகளான பீட்டர் ரீடு காலத்தில் ஏழாமிடம், அனெல்கா காலத்தில் ஆறாமிடம் என்று இருந்த கிளப் முதல் முறையாக அரையிறுதி பார்த்தது. கேரளாவை 5-0 என்று அடித்த ஆட்டத்தில் உருகுவே நட்சத்திரம் டியகோ ஃபோர்லான் ஹாட்ரிக். ஆனால் அந்த சீசனின் உண்மையான பலம் பின்களம். லூசியன் கோயன் நடுவில் சுவர் மாதிரி நிற்க, அம்ரிந்தர் சிங் சிறந்த கோல்கீப்பருக்கான கையுறையை வாங்கினார்.

அரையிறுதி முதல் ஆட்டம் கொல்கத்தாவில். ஐந்து கோலும் முதல் பாதியிலேயே விழுந்தன: கொல்கத்தா 3, மும்பை 2. இரண்டாம் பாதியில் ஃபோர்லானுக்குச் சிவப்பு அட்டை. அதனால் அந்தேரியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் இல்லை. எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்ட பிறகும் மும்பையால் கோல் அடிக்க முடியவில்லை, 0-0. ஒரு சீசன் முழுக்க எட்டு கோல் மட்டுமே விட்ட அணி, ஒரே இரவில் மூன்று விட்டதுதான் வினை. கடைசியில் கோப்பையும் கொல்கத்தாவுக்கே போனது.

அடுத்த சீசன் ஏழாமிடம். அப்போ 2016 வெறும் லக்தானே?

இல்லை. 2017-18இல் ஃபோர்லானும் இல்லை, சுனில் சேத்ரியும் இல்லை. சேத்ரி தன் பெங்களூருவோடு எதிரணியாக வந்துவிட்டார். லீக்கும் பத்து அணிகளாகி நீண்டுவிட்டது. மும்பைக்குப் புதிய கோல் வழி கிடைக்கவில்லை, அதைக் கண்டுபிடிக்காதது கோச்சின் பொறுப்புதான். 2018இல் அவர் போனார்.

கொலம்பியாவில என்ன சாதிச்சார்? இந்தியாவுக்கு அப்புறம் மார்க்கெட் போச்சுன்னு நெனச்சேன்.

நிறைய பேர் அப்படித்தான் நினைத்தார்கள். 2019 நடுவில் காலி நகரத்தின் அமெரிக்கா தே காலி அணிக்குப் போனார். கொலம்பியாவின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. ஆனால் 2011இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 2016 வரை அங்கேயே கிடந்த கிளப். கடைசிப் பட்டம் 2008இல்.

பொறுப்பேற்ற அரை வருடத்தில் இறுதிப் போட்டி. எதிரே பாரன்கியாவின் ஹூனியர், தொடர்ந்து இரண்டு பட்டம் வாங்கி மூன்றாவதுக்குக் காத்திருந்த அணி. அங்கே போய் 0-0 என்று கட்டிப்போட்டார். டிசம்பர் 7 அன்று காலியில் 2-0. அறுபது வயதில், முன்பின் வேலை செய்யாத ஒரு லீக்கில், பதினொரு வருட வறட்சிக்கு முடிவு. வெளிநாட்டில் அவர் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன். அப்புறம் அத்லெட்டிகோ நசியோனாலில் கொஞ்ச காலம், 2022இல் திரும்பவும் அமெரிக்கா தே காலி. இரண்டுமே அந்த முதல் வருகைக்கு ஈடாகவில்லை.

செல்சோ போர்ஹெஸ் இவரோட மகனாமே? குடும்பப் பேர் வேறயா இருக்கே?

மகன்தான். அப்பாவின் முழுப் பெயர் அலெக்சாண்ட்ரே என்ரிக்கே போர்ஹெஸ் கிமாராயஸ். பிரேசிலில் கடைசியில் வரும் பெயரே வழக்கில் இருக்கும். கோஸ்டா ரிக்காவில் இரண்டு குடும்பப் பெயர்களில் முதலாவது பிள்ளைக்குப் போகும். அதனால் மகன் போர்ஹெஸ்.

2014, 2018, 2022 என்று மூன்று உலகக் கோப்பைகளில் ஆடி, 150 ஆட்டங்களைத் தாண்டி, நாட்டுக்காக அதிகம் ஆடியவர் என்ற பெயரைப் பெற்ற நடுக்கள ஆட்டக்காரர் செல்சோ. 2024இல் கிமாராயஸ் அலஹுவேலென்சே கோச்சானபோது, மகன் அதே அணியில் இருந்தார். சப்ரீசாவில் வளர்ந்த குடும்பம், பரம எதிரியான அலஹுவேலென்சேவில் சேர்ந்து வேலை செய்தது அந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. அந்த ஆண்டு மத்திய அமெரிக்கக் கிளப் கோப்பையையும் வென்றார்கள்.

அப்போ மத்திய அமெரிக்காவிலேயே பெரிய கோச் இவர்தானா?

ஒரே பெயரைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1982இல் ஹோண்டுராஸை முதல் முறையாக உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போன ஹோசே தே லா பாஸ் எரேரா, 'செலாத்தோ உக்லெஸ்', போட்டியை நடத்திய ஸ்பெயினை அவர்கள் மண்ணிலேயே 1-1 என்று நிறுத்தியவர். 2018இல் கோஸ்டா ரிக்காவைக் கொண்டுபோன ஆஸ்கர் ராமிரெஸ் அலஹுவேலென்சேவில் பட்டங்களாகக் குவித்தவர். அவரும் 1990 அணியில் ஆடியவர்தான். 2025இல் கிமாராயஸ் விலகியதும் அலஹுவேலென்சேவுக்கு வந்தவரும் அவரே. 2014இல் கால் இறுதி வரை போன பின்டோவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அவர் கொலம்பியர்.

சொந்த வட்டாரத்துக்கு வெளியே போய், மொழியும் லீக்கும் வேறான நாடுகளில் நின்று காட்டியது என்று பார்த்தால், இவர்களில் கிமாராயஸ் ஒரு படி மேலே.

அவர் அணி ஆடுறதைப் பார்க்கணும்னா எந்த மேட்ச்ல ஆரம்பிக்கலாம்?

2002 பிரேசில் ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். கோல் தொகுப்பில் ஏழு கோல்தான் தெரியும், 39 முதல் 62 வரையிலான நிமிடங்களில் கோஸ்டா ரிக்கா எத்தனை பேரை முன்னால் அனுப்புகிறது என்பது தெரியாது. அடுத்து 2006 தொடக்க ஆட்டம். வாஞ்சோப் இரண்டு கோலையும் முன்னேறி நின்ற ஜெர்மனியின் பின்களக் கோட்டைக் கடந்து ஓடித்தான் அடித்தார். பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார், எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் கவனியுங்கள். தற்காப்புப் பக்கம் பார்க்க விரும்பினால் 2019 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம், பாரன்கியாவில் நடந்த அந்த 0-0. கோல் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், காலியில் கிடைத்த பட்டத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.